பூனைக்கு ஒரு தூண்

எங்கள் அடுக்ககத்து லிப்டில் நாலு தடவை ஏறி இறங்கினால் போதும், பெங்களூரின் குறைகள் அத்தனையும் காதில் விழுந்துவிடும். தண்ணீர் லாரி வரவில்லை. சில்க் போர்டில் ஒரு மணி நேரம் நின்றேன். வீட்டுக்காரர் அட்வான்ஸில் பெயின்ட் காசைப் பிடித்துக்கொண்டார். சில வருடங்களாக இந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "பூனை சோபாவக் கிழிச்சு நாசம் பண்ணிடுச்சு அங்கிள். எப்படி நிறுத்துறது?"

கேட்பவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளைகள். தெருவில் கத்திக்கொண்டு கிடந்த குட்டியை இரக்கப்பட்டுத் தூக்கி வந்தவர்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பூனை உண்டு, சோபாவும் முழுசாக இருக்கிறது என்பதால் என்னிடம் வருகிறார்கள். நான் சொல்லும் பதில் முதலில் யாருக்கும் பிடிப்பதில்லை. நிறுத்த முடியாது தம்பி, இடத்தை மாற்றலாம்.

பூனை கோபத்தில் கிழிப்பதில்லை. அதன் நகம் அடுக்கடுக்காக வளர்வது. மேலடுக்கு பழசானதும் அதை உரித்துப் போட்டால்தான் உள்ளே இருக்கும் கூர் நகம் வெளியே வரும். சோபாவுக்கு அடியில் பெருக்கிப் பாருங்கள், பிறை வடிவில் மெல்லிய தோடுகள் கிடைக்கும். பயப்பட வேண்டாம், அது உரிந்த மேலடுக்குதான். அடுத்தது, தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் நீட்டி முறிக்க அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். பாதத்தில் விரல்களுக்கு இடையே வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கீறும்போது அந்த வாசனை அங்கே படிகிறது. நம் மூக்குக்கு எட்டாது, பூனைக்கு எட்டும். இது நான் இருக்கும் இடம் என்று அது தெரிவிக்கும் வழி அதுதான். அதனால்தான் ஆள் போகாத மூலையை விட்டுவிட்டு, வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து எழும் ஹாலுக்கு நடுவே வந்து கீறுகிறது.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்கு யானைகளின் காலடியில் நிற்கும் தவப்பூனை நினைவிருக்கும். பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி நிற்கும். சுற்றிலும் எலிகள். போலிச் சாமியாரைக் கிண்டல் செய்தது என்பார்கள். இருக்கட்டும். 7ஆம் நூற்றாண்டில் அதைச் செதுக்கிய பல்லவச் சிற்பி நிஜப் பூனையை உற்றுப் பார்த்தவன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தூங்கி எழுந்த பூனை ஒரு தூணைக் கண்டால் நிற்கும் நிலை அப்படியே அதுதான். கடையில் விற்கும் ஒன்றரை அடித் தூணில் அப்படி நிமிர்ந்து நிற்க முடியுமா? முடியாது. பூனை ஒரு முறை முயன்று பார்த்துவிட்டுச் சோபாவுக்கே திரும்பிவிடுகிறது.

1970களில் எச்.ஏ.எல். வேலைக்காக நான் அல்சூரில் குடிவந்தபோது எங்கள் தெருவில் பூனைகளுக்குக் குறைவில்லை. வரிசை வீடுகள்; சிவப்புக் காவித் தரை. பின்பக்கம் முருங்கை மரம், வாசலில் மரத்தூண், மூலையில் ரேஷன் அரிசிச் சாக்கு, விறகுக் கட்டு, படியில் தென்னைநார் மிதியடி. எந்தப் பூனை எங்கே நகம் கீறியது என்று யாரும் பார்த்ததே இல்லை. பார்க்கும் தேவையும் வரவில்லை. இன்று அதே பூனையைப் பத்தாவது மாடிக்குக் கொண்டுபோகிறோம். பால்கனிக்கு வலை கட்டுகிறோம். வலை கட்டுவது சரிதான், உயரத்திலிருந்து விழுந்து சாகும் பூனைகள் உண்டு. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? வழுவழுப்பான டைல்ஸ், லேமினேட் ஒட்டிய அலமாரி, கண்ணாடிக் கதவு. நகம் பிடிக்கிற சொரசொரப்போடு, உயரமாக, ஆடாமல் நிற்கிற பொருள் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான்: சோபாவின் கை. மரத்தை எடுத்தது நாம், கெட்ட பெயர் பூனைக்கு.

என் வயதுக்காரர்கள் பலர் இதே மாதிரிதான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். கும்பகோணத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிள்ளைகள் கூட்டிவந்து ஒயிட்ஃபீல்டிலும் சர்ஜாப்பூர் ரோட்டிலும் குடிவைத்த அப்பாக்கள். காலமெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து போவோர் வருவோரை விசாரித்த மனிதர், இங்கே வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சாப்பாடு கொண்டுவரும் பையன்களிடம் "எந்த ஊருப்பா நீ?" என்று கேட்கிறார். "அப்பா, அங்க போய் உக்காராதீங்க, நல்லா இல்ல" என்கிறான் மகன். மகனுக்கு அது கௌரவக் குறைச்சல். அப்பாவுக்கு அதுதான் காலையில் உடம்பை நீட்டி முறிப்பது. வேண்டாம் என்று தடுத்துவிட்டால் அவர் என்ன செய்வார்? டி.வி. ரிமோட்டுக்குச் சண்டை போடுவார். மருமகள் வைத்த ரசத்தில் புளி போதவில்லை என்பார். எங்கேயாவது கீறித்தானே ஆகவேண்டும்! எங்கள் அடுக்ககத்திலேயே இன்னொரு பையன், மொட்டை மாடித் தொட்டிச் செடிகளின் பொறுப்பை அசோசியேஷனிடம் பேசி அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தான். அந்த மனிதர் இப்போது கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை அத்தனை பேரிடமும் உரம் பற்றிப் பேசிக் கழுத்தை அறுக்கிறார். ஆனால் அந்த வீட்டில் சத்தம் இல்லை. நம் குடும்பங்களில் 'கூடாது' என்று சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. 'இங்கே செய்துகொள்' என்று சொல்லத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

பூனைக்கு வருவோம். தூண் குறைந்தது மூன்று அடி உயரம் வேண்டும். அடிப்பலகை கனமாக, இரண்டடி அகலத்தில். ஒரே ஒரு தடவை ஆடிச் சாய்ந்தாலும் பூனை அதை நம்பாது. வெளிநாட்டுத் தூண்களில் சுற்றியிருப்பது ஒருவகைக் கற்றாழை நார்க் கயிறு. நமக்கு அதைத் தேட வேண்டியதில்லை; தென்னைநார்க் கயிறே போதும். கயிறு வாரியத்தின் தொழில்நுட்ப நிறுவனமே இந்த ஊர் பீன்யாவில்தான் இருக்கிறது; பொள்ளாச்சிக் கயிறு கிடைக்காத ஊரா இது! ஒரு தடித்த மரக்கட்டையில் இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்றி, இரு முனையிலும் ஆணி தலை நீட்டாமல் அடித்துவிட்டால் முடிந்தது. உங்கள் பூனை சோபாவை விட்டுத் தரைவிரிப்பைக் கீறுகிற ரகம் என்றால் நிற்கும் தூணைவிடத் தென்னைநார் மிதியடியோ, படுக்கவைத்த அட்டைப்பெட்டியோ அதற்குப் பிடிக்கும். முதலில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள்.

செய்த தூணை நம் பிள்ளைகள் எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் தெரியுமா? யுடிலிட்டியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால். ஹாலில் பார்க்க அசிங்கமாம். பிறகு பூனை அதைத் தொடவே இல்லை என்று குறை. அது கீறும் சோபாக் கைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பழகிய பின் தினம் கொஞ்சமாக நகர்த்தலாம். பழக்கும் வரை சோபாக் கையில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பையோ அலுமினியத் தாளையோ ஒட்டிவைத்தால் பூனைக்கு அங்கே கீறப் பிடிக்காது. தூணைத் தொட்டால் ஒரு துண்டு மீன் கொடுங்கள். குப்பைமேனி வேரைக் கொஞ்சம் தேய்த்தும் பார்க்கலாம். நம் நாட்டு வைத்தியத்தில் அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர். எல்லாப் பூனையும் மயங்காது, மயங்குகிற பூனை தூணைக் கட்டிப்பிடித்து உருளும். தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தின்னக் கொடுக்க வேண்டாம். தூண் கந்தலாகிவிட்டது என்று தூக்கி எறியவும் வேண்டாம். பூனைக்கு அப்போதுதான் அது சொந்தமாகிறது.

செய்யக்கூடாதவற்றில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சோபாவில் அந்துருண்டையைச் செருகுவதும் நீலகிரித் தைலம் தெளிப்பதும் நம் வீடுகளில் நடக்கிற வைத்தியம். இரண்டும் பூனைக்கு விஷம். மிளகாய்த்தூளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் பீய்ச்சுவதும் கத்துவதும் விஷமில்லை, ஆனால் வீண். நீங்கள் இருக்கும்போது கீறக்கூடாது என்பதை மட்டும்தான் அது கற்றுக்கொள்ளும்.

நகத்தை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெட்டலாம். தூக்கக் கலக்கத்தில் மடியில் கிடக்கும்போது பாதத்தை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். வெள்ளை நுனியை மட்டும் வெட்டவேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவதில் இரத்தக்குழாய் இருக்கிறது. ஒரே நாளில் எல்லா நகமும் வெட்டியாக வேண்டும் என்பதில்லை. கிழட்டுப் பூனைக்கு இது கட்டாயம். அது அதிகம் கீறாது. நகம் தடித்து வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்திவிடும். என் கால் நகத்தையும் இப்போது பேத்திதான் வெட்டிவிடுகிறாள், எனக்குக் குனிய வருவதில்லை.

வீடு மாறும்போது கீறல் கூடும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாழும் ஊர் இது. ஒவ்வொரு முறையும் பூனை தன் வாசனையையெல்லாம் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறது. புது வீட்டில் பால் காய்ச்சும் முன்பே பழைய தூணையும் துவைக்காத அதன் படுக்கைத் துணியையும் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

இவ்வளவும் எதற்கு, நகத்தையே எடுத்துவிட முடியாதா என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் நெடுங்காலம் அது சாதாரணமாக நடந்தது. எடுப்பது நகத்தை மட்டுமல்ல, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் சேர்த்து. முன்னங்கால் இரண்டிலும் பத்து விரல். விரல் ஊன்றி நடக்கும் பிராணி அது. பிறகு காலமெல்லாம் வலியோடு நடக்க நேரலாம், கீறமுடியாத பூனை கடிக்கத் தொடங்கலாம். இஸ்ரேல் 2011இல் தடை செய்தது, நியூயார்க் மாநிலம் 2019இல். நம் நாட்டில் பிராணிகளை ஊனப்படுத்துவதைக் குற்றமாக்கிய மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டே வந்துவிட்டது. அதற்கு வித்திட்டவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1953இல் மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவைப் பார்த்து, அரசே சட்டம் செய்யும் என்று நேரு உறுதி சொன்னார். பரதநாட்டியத்துக்காக அவரை நினைவில் வைத்திருக்கும் நாம் இதற்காகவும் வைத்திருக்கலாம்.

புதிதாகப் பூனை கொண்டுவர நினைக்கும் பிள்ளைகளே, முதலில் தூணைச் செய்து ஹாலில் நிறுத்துங்கள். சோபாவை ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். அதுவரை விருந்தாளிகள் பாயில் உட்காரட்டும்.