கெம்புக்குக் கீழே ஒரு குழல்

1765 பெப்ரவரியில் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை கண்டி அரண்மனைக்குள் புகுந்தபோது கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் நகரைக் கைவிட்டுப் போயிருந்தான். கையில் அகப்பட்டதையெல்லாம் படையினர் வாரிக்கொண்டார்கள். அப்படிப் போனவை என்று ஆய்வாளர்கள் கண்ட ஆறு பொருட்கள் 2023 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்திலிருந்து கொழும்புக்குத் திரும்பி வந்தன. லெவ்கே திசாவையின் பீரங்கி, பொன் கஸ்தானை வாள், வெள்ளிக் கஸ்தானை வாள், ஒரு கத்தி, ‘மகா துவக்கு’ எனப்படும் இரண்டு பெருந்துப்பாக்கிகள்.

கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலைக்கு அவற்றைப் பார்க்க இருவர் புறப்பட்டபோது நானும் சேர்ந்துகொண்டேன். ஒருவர் கொட்டாஞ்சேனையில் சிறு பட்டறை வைத்து, செட்டியார்தெருக் கடைகளுக்கு நகை செய்து கொடுப்பவர். மற்றவர் வெள்ளவத்தையில் மகளோடு இருக்கும் முதியவர். ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயக் குடும்பம். பேத்தியின் தாலிக்கொடி செய்த வகையில் ஏற்பட்ட பழக்கம்.

பீரங்கியின் முன்னால் நகைத்தொழிலாளியின் கண் கெம்புக்கல்லில் நின்றது. வெண்கலக் குழலில் பொன்னும் வெள்ளியும் பதித்து, கண்டி அரசின் சின்னங்களான சிங்கம், சூரியன், சந்திரன் ஆகியவற்றைப் பொறித்திருக்கிறார்கள். நான்கு கோறளைத் திசாவையான லெவ்கே இதை அரசனுக்குக் காணிக்கையாக்கியது 1745-46இல். நாயக்கர் வம்சத்து முதல் அரசன் ஸ்ரீ விஜய இராஜசிங்கனின் காலம் அது. “கல்லுக்குக் குழி வெட்டி, விளிம்பை மடக்கிப் பிடிச்சிருக்கிறாங்கள் ஐயா. அவசரத்தில செய்யிற வேலை இல்ல இது” என்றார் அவர். கண்டி அரசில் இதற்கென்றே நான்கு அரச பட்டறைகள் இருந்தன. அந்த உலகத்தை 1908இல் வெளியான பெரிய நூலில் பதிவு செய்த ஆனந்த குமாரசுவாமி, கொழும்பில் பிறந்த தமிழர். அவர் பிறந்ததும் இந்த நூதனசாலை திறக்கப்பட்டதும் 1877இல்தான்.

முதியவர் பீரங்கியைக் கடந்து மகா துவக்குகளுக்குப் போய்விட்டார். அவர் பார்த்தது குழலை. வெள்ளி வேலைப்பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. “இதுக்கு எவ்வளவு மருந்து போட்டிருப்பினம்? ஆர் இடிச்சிருப்பினம்?” என்று கேட்டார். என் மனதில் ஒட்டிக்கொண்ட கேள்வி அதுதான். இந்தப் பொருட்கள் திரும்பி வந்ததைப் பற்றி நான் படித்தவை எல்லாம் பொன், கல், கொள்ளை, நியாயம் என்றே போயின. மகா துவக்கு சுடுவதற்கென்று செய்த கருவி, அதைச் சரியாகச் சுடவைத்த கைகள் இருந்தன என்ற பேச்சு அவற்றில் இல்லை.

அந்தக் கைகளின் பெயர் அயல்நாடுகளிலும் பரவியிருந்தது. 1596இல் அச்சான தன் பயணநூலில் லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தர், இலங்கைக் கொல்லர்களின் துப்பாக்கிக் குழல்களை உயர்வாகப் புகழ்ந்திருக்கிறார். சிங்களத் துவக்குக்குத் தனி உருவமும் உண்டு. தீக்கல் பொறி இடப்பக்கம் இருக்கும், தோளில் அணைக்கும் கட்டை பின்னால் இரண்டாகப் பிளந்திருக்கும். மருந்துக்கு வேண்டிய வெடியுப்பை மலைக்குகைகளின் மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்தார்கள். மேமூரைக் குகையில் அந்த வேலை நடந்த விதத்தை ஜோன் டேவி என்ற ஆங்கில மருத்துவர் 1821இல் எழுதி வைத்திருக்கிறார்.

நூதனசாலையிலிருந்து நேரே கொட்டாஞ்சேனைப் பட்டறைக்குப் போனோம். முதியவரின் பேச்சு வழியெல்லாம் ஓயவில்லை. பட்டறைக்காரர் ஒரு பித்தளைக் குழாயை எடுத்து, வாளால் நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை மேசையில் வைத்தார். “இப்ப காட்டுங்கோ ஐயா.”

முதியவர் மருந்துக்குப் பதிலாக மணலைக் கொட்டினார். அதன்மேல் தென்னந்தும்பை உருட்டி வைத்து, பென்சிலால் இறுக்கினார். பிறகு துணி சுற்றிய ஈயக்குண்டு. இடிகோலில் ஒரு கீறல் இருக்கும். ஒவ்வொரு முறையும் கோல் அந்தக் கீறல் மட்டுக்குத்தான் உள்ளே போக வேண்டும். மேலே நின்றால் குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டது என்று பொருள். குழல் பிளப்பது அப்படித்தான். மருந்தை அவர் தகப்பனார் ஒரு பழைய தோட்டாக் கோதில் தலைதட்டி அளப்பாராம். அளவு மாறினால் அடி, அதாவது குண்டு விழும் இடம், மாறும், அதற்குப் பிறகு குறியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இப்படி வாய்வழி மருந்து இடித்துச் சுடும் துவக்கை வன்னியில் இடியன் என்பார்கள். பன்றிக் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்த அதைப் போகத்துக்கு முன் குறி பார்த்துச் சரிசெய்வது தகப்பனாரின் வழக்கம். பனங்குற்றியில் கரியால் ஒரு வட்டம். நாற்பது எட்டுத் தூரம். துவக்கைக் கையில் பிடிக்காமல் மண் மூட்டையில் சாத்தி வைப்பார்.

“மூண்டு வெடி வைக்க வேணும் தம்பி. ஒண்டை நம்பக்கூடாது. மூண்டும் எங்க விழுகுதெண்டு பார்த்து, அதுக்கு நடுவை எடுக்க வேணும்.”

இன்றைய துப்பாக்கிக் களங்களில் ரைபிள்காரர்கள் செய்வதும் இதேதான். தொலைநோக்கி பூட்டிய ரைபிளில் ஒரு சொடுக்கு, பொதுவாக, 100 மீற்றரில் 7 மில்லிமீற்றர் அளவுக்கு அடியை நகர்த்தும். இடியனில் சொடுக்கு ஏது? முனையில் பற்றவைத்த ஒரு பித்தளை மணி, பின்னால் ஒரு வெட்டு, அவ்வளவுதான். பின்குறியைக் குண்டு போகவேண்டிய பக்கம் தட்ட வேண்டும், முன்மணியை அதற்கு எதிர்ப்பக்கம். அடி தாழ்ந்து விழுந்தால் முன்மணியை அரத்தால் தேய்க்க வேண்டும். மணி குட்டையானால் அதைக் கண்ணுக்கு நேராக்கக் குழலின் முனை தானாக மேலே எழும்.

நகைத்தொழிலாளி கணக்குப் பார்த்தார். இரண்டு குறிகளுக்கும் இடையே 80 சென்ரிமீற்றர், தூரம் 40 மீற்றர், அடி 10 சென்ரிமீற்றர் தாழ்வு என்றால் எவ்வளவு தேய்க்க வேண்டும்? இரண்டே மில்லிமீற்றர். அரத்தைக் கையில் எடுத்துக் காற்றில் மெதுவாக ஓட்டினார். “ரெண்டு இழுவை கூடினாப் போச்சு. திருப்பி வளர்க்க ஏலாது.” அதனால்தான் மணியை முதலில் உயரமாகவே விட்டு, கொஞ்சம் தேய்த்து, சுட்டுப் பார்த்து, மறுபடி தேய்ப்பார்கள். இடையிடையே ஈரத்துணியால் குழலைத் துடைக்கவும் வேண்டும். கரிமருந்தின் கசடு ஏற ஏற அடி விலகும்.

தீக்கல் துவக்கில் இன்னொரு சிரமம் உண்டு. குதிரை தட்டி, பொறி பறந்து, கிண்ணத்து மருந்து பற்றி, துளை வழியே உள்ளே தீ போவதற்குள் கண் சிமிட்டும் நேரம் கழிந்துவிடும். அதுவரை கை அசையக்கூடாது. முகத்துக்குப் பக்கத்திலேயே தீ பறக்கும்போது அசையாமல் நிற்பது பழகிப் பெறும் திறம்.

அந்தத் திறத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கொழும்பில் கொம்பனித்தெருவில் ரைபிள் வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. மலாயர் பெருவாரியாகச் சேவித்த, 1870களில் கலைக்கப்பட்ட சிலோன் ரைபிள் படைப்பிரிவின் எச்சம் அந்தப் பெயர். அந்தப் படைப்பிரிவின் மேஜர் றொஜர்ஸ் சுட்ட யானைகள் ஆயிரத்தைத் தாண்டும் என்பார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் செய்து கொடுத்த 21 இறாத்தல் ரைபிளைத் தூக்கித் திரிந்தார். மூன்று அவுன்ஸ் குண்டு போகும் வாய்வழி ரைபிள் அது. நல்ல குறி என்ன செய்யும் என்பதற்கு அந்தக் காட்டு யானைகளே சாட்சி. கைத்திறனைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

மாலையில் வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் பேச்சு கட்டுத்துவக்குக்குத் திரும்பியது. முதியவரின் குரல் கடுத்தது. அதே இடியன் குழலை மரத்தில் கட்டி, விசையில் நூல் தொடுத்துப் பாதைக்குக் குறுக்கே விடுவார்கள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் இருந்தும், இன்றும் காட்டோர ஊர்களில் இது ஓயவில்லை. பன்றியின் உயரத்துக்கு வைப்பதால் மனிதன் நூலில் இடறினால் சன்னம் காலைத்தான் பிடிக்கும். விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். யானையும் இடறுகிறது. காலில் சீழ் வைத்து நாட்கணக்காகச் செத்துக்கொண்டிருக்கும்.

“அது துவக்குக்காரன்ர வேலை இல்லை” என்றார். “பின்னால ஒருத்தன் இருந்து பார்க்க வேணும். பன்றிக்கு அங்கால என்ன நிக்குதெண்டும் பார்க்க வேணும்.”

தகப்பனார் அந்தப் பனங்குற்றியை எப்போதும் குளக்கட்டுக்கு முன்னால்தான் நிறுத்துவாராம். தவறிய குண்டு மண்ணுக்குள் போய்விடும். சுட்டு முடிந்ததும் பிள்ளைகள் கட்டைக் கிண்டி ஈயத்தைப் பொறுக்கி வருவார்கள். அதை உருக்கித்தான் அடுத்த குண்டு வார்ப்பது.