ஒரு கண்ணாடி இழைக் காரின் ஜீர்ணோத்தாரணம்

பிப்ரவரி 9

தொழிற்சாலையில் பிறந்த பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்க முனைபவனுக்கு, எது சரி, எது பிழை என்று சொல்லும் பிரமாண நூல் ஒன்று இருக்கிறது. இன்ன ஆண்டில் இன்ன நிறம், இன்ன விளக்கு, இன்ன அளவு போல்ட் என்று அதில் அச்சாகியிருப்பதைப் பின்பற்றினால் அவனுக்குப் போதும். ஆனால், உதிரிப் பாகங்களாக வந்திறங்கி, யாரோ ஒரு குடும்பஸ்தர் தம் வீட்டுக் கொட்டகையில் ஓய்வு நேரத்தில் தாமே பூட்டி முடித்த கிட் காருக்கு அத்தகைய மூலப்பிரதி கிடையாது. அதை முதலில் கட்டியவரும், அவருக்குப் பின் வாங்கியவர்களும் அவரவர் சக்திக்கும் ரசனைக்கும் ஏற்பச் செய்த மாறுதல்களின் தொகுப்பே அதன் சரித்திரம்.

தெற்குக் கலிபோர்னியாவில் உள்ள எங்கள் வீட்டு காரேஜுக்கு இன்று வந்து சேர்ந்த வண்டி இந்த ஜாதியைச் சேர்ந்தது. கதவு இல்லை, கூரை இல்லை; வோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தளத்தின்மேல் தொட்டி போன்ற ஃபைபர்கிளாஸ் (கண்ணாடி இழை) உடல்; வெயிலில் காய்ந்து தூள் பூத்துப்போன ஆரஞ்சு வர்ணம்; பின்னால் திறந்து கிடக்கும் என்ஜின். மேயர்ஸ் மாங்க்ஸ் என்ற புகழ்பெற்ற வண்டியைப் பார்த்து, பெயர் தெரியாத ஏதோ ஒரு பட்டறை வார்த்தெடுத்த நகல் இது. இத்தகைய வாகனத்தில் பழமையை மீட்பதும் புதுமையைச் சேர்ப்பதும் வேறு வேறு காரியங்கள் அல்ல. இரண்டும் ஒரே பொறுப்பின் இரு பகுதிகள் என்பது என் அபிப்பிராயம்.

பிப்ரவரி 16

நகலைச் செப்பனிடுபவன் மூலத்தை அறிந்திருக்க வேண்டும் என்பதால், இன்று கருவிகளைத் தொடாமல் படிப்பில் செலவிட்டேன்.

புரூஸ் மேயர்ஸ் ஒரு படகுக் கலைஞர். 1926-ல் பிறந்து, இரண்டாம் உலக யுத்தத்தில் கடற்படையில் பணியாற்றி, பின்னர் கண்ணாடி இழைப் படகுகள் கட்டும் தொழிலில் தேர்ந்தவர். கலிபோர்னியக் கடற்கரை மணலில் இளைஞர்கள் கனத்த இரும்பு வண்டிகளை ஓட்டி அவதிப்படுவதைக் கண்டு, படகுக்கு உதவும் அதே பொருளில் வண்டியும் செய்யலாமே என்று எண்ணி, 1964-ல் நியூபோர்ட் பீச்சில் முதல் மாங்க்ஸைக் கட்டி முடித்தார். சேஸிஸே இல்லாமல், உடலே எலும்புமாக நின்ற அந்த முதல் வடிவம் அதிகச் செலவு பிடித்ததால், பீட்டிலின் அடித்தளத்தில் பதினான்கரை அங்குலத்தை வெட்டியெடுத்துவிட்டு அதன்மேல் உடலை உட்கார்த்தும் எளிய முறைக்கு மாறினார்.

1967-ல் அவரும் டெட் மாங்கெல்ஸும் மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தில், லா பாஸுக்கும் டிஜுவானாவுக்கும் இடைப்பட்ட பாலைவழியை 34 மணி 45 நிமிஷத்தில் கடந்து, மோட்டார் சைக்கிள்கள் நிலைநாட்டியிருந்த சாதனையை முறியடித்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் அவ்வழியில் நடந்த முதல் பந்தயத்திலும் மாங்க்ஸே வென்றது. புகழ் வந்த வேகத்திலேயே நகல்களும் வந்தன. காப்புரிமை கோரி மேயர்ஸ் தொடுத்த வழக்கு தோற்றது. ஏறக்குறைய ஆறாயிரம் வண்டிகளுக்கான கிட்டுகள் விற்றிருந்த நிலையில் அவருடைய கம்பெனி 1971-ல் மூடப்பட்டது. அவர் 2021-ல், தமது தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார். அவருக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தின் சந்ததி ஒன்றுதான் என் காரேஜில் நிற்கிறது. ஆகவே, அந்த மகானுபாவர் தம் வேலையில் காட்டிய சிரத்தையில் ஒரு பங்கையாவது இதற்குக் கொடுப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

மார்ச் 1

உடலையும் அடித்தளத்தையும் பிணைத்திருந்த போல்ட்டுகளைக் கழற்றி, நண்பர்கள் துணையுடன் உடலைத் தூக்கி மரக்குதிரைகளின்மேல் கவிழ்த்து வைத்தோம். ஒரு முழுக் காரின் மேனியை நான்கு பேர் மூச்சு வாங்காமல் தூக்கிவிட முடிகிறது என்பதே இந்தப் பொருளின் மகிமை.

உலோகத் தகட்டை வளைக்கப் பெரிய அச்சும் பெரிய யந்திரமும் வேண்டும். கண்ணாடி இழைக்கோ ஒரு வார்ப்பச்சும், தூரிகையும், உருளையும், பொறுமையும் போதும். அமெரிக்காவில் 1953-ல் செவர்லே கம்பெனி தன் கார்வெட் காரை இந்தப் பொருளில் செய்து அவ்வருஷம் முந்நூறு கார்களை வெளியிட்டபோது, பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமே சாத்தியமாயிருந்த கார் கட்டும் கலை சிறு பட்டறைகளுக்கும் சாத்தியமாகும் காலம் வந்துவிட்டது என்பது பலருக்குப் புலனாயிற்று. கிட் கார் என்ற தொழில் வளர்ந்ததற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

கவிழ்த்த உடலின் உட்புறத்தை விளக்கு வைத்துப் பார்த்தேன். வெளியே பளபளக்கும் ஜெல்கோட் என்னும் மேற்பூச்சுக்குப் பலம் கிடையாது. அது தோலின் தோல். பலமெல்லாம் உள்ளே, தாறுமாறாகக் கிடக்கும் இழைகளைக் கொண்ட ‘மேட்’ என்னும் விரிப்பிலும், அதை நனைத்து இறுகிய ரெசினிலும் இருக்கிறது. வார்த்த நாளில் உருளையை அழுத்தி ஓட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றியவன் இந்தப் பொருளுக்கு ஆயுளைக் கொடுத்தான். அவசரத்தில் குமிழை உள்ளேயே விட்டவன் நாளைய விரிசலுக்கு விதை போட்டான். நாணயத்தால் விளிம்பு விளிம்பாகத் தட்டிக்கொண்டே போனால் இரண்டையும் காது சொல்லிவிடுகிறது: நல்ல இடம் கணீரென்கிறது, அடுக்குப் பிரிந்த இடம் செத்த ஒலி எழுப்புகிறது. அப்படிச் செத்து ஒலித்த இடங்களையெல்லாம் சாக்கட்டியால் வட்டமிட்டேன்.

மார்ச் 15

பீட்டிலின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 94½ அங்குலம். பதினான்கரையை வெட்டினால் மிஞ்சுவது 80. கணக்கு எளிது, வேலை எளிதல்ல. அடித்தளத்தின் நடுவே முதுகெலும்பாக ஓடும் குழாய்க்குள் கியர் ராடு, கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், பெட்ரோல் குழாய் எல்லாம் போகின்றன. வெட்டி ஒட்டும்போது இரு பாதியும் ஒரு நூல் விலகினாலும் வண்டி ஆயுள் முழுவதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே ஓடும்.

முதலில் கட்டியவர் நேர்க்கோட்டைச் சரியாகவே காத்திருக்கிறார். குறுக்கு மூலைகளை இரு திசையிலும் அளந்தேன், வித்தியாசம் காணவில்லை. ஆனால் வெல்டிங் மேலே அழகாக இருந்ததே ஒழிய, அரைத்துப் பார்த்தபோது இரும்பின் ஆழத்துக்கு இறங்கவில்லை. பட்டி பூசி வர்ணம் தீட்டி மறைத்திருந்த இந்தப் பலவீனத்தோடு இந்த வண்டி பல்லாண்டுக் காலம் ஓடியிருக்கிறது! பெட்ரோல் குழாயை அப்புறப்படுத்திய பிறகு, தேர்ந்த வெல்டர் ஒருவர் பழைய இணைப்பை முழுவதும் திறந்து, உள்ளே ஒரு பட்டைத் தகட்டை அணைகொடுத்து, சூட்டில் இரும்பு வளையாதபடி சிறிது சிறிதாக, எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றி வெல்ட் செய்து முடித்தார். மனித உயிர் உட்காரும் இடத்தில் அழகு இரண்டாம்பட்சமே.

ஏப்ரல் 5

இளவெயில் வந்துவிட்டது. குளிரில் ரெசின் இறுகாது. இறுகினாலும் முழுப் பலம் பெறாது. ஆகவே இதற்காகவே காத்திருந்தேன்.

ஜெல்கோட்டில் சிலந்தி வலை போலப் படர்ந்திருக்கும் விரிசல்களை வர்ணத்தால் மூடுவது வீண். உள்ளிருந்து கிடைத்த அடியோ, மேற்பூச்சின் அளவு மீறிய கனமோ, அடியில் தாங்கல் இல்லாமையோ, அந்தக் காரணம் நீங்காத வரையில் விரிசல் மறுபடியும் மேலே வந்தே தீரும். எனவே ஒவ்வொரு விரிசலின் பின்புறத்தையும் முதலில் கவனித்தேன். முறிந்த இடங்களில் ஓரங்களைச் செங்குத்தாக விடாமல், கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாக அரைத்துக்கொண்டேன். புதிய அடுக்கு பழையதைப் பற்றிக்கொள்ள அவ்வளவு பரப்பு வேண்டும்.

எந்த ரெசின் என்பதும் விசாரத்துக்கு உரியது. பழைய கண்ணாடி இழை வண்டிகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசினால் வார்க்கப்பட்டவை. அது மலிவு, விரைவில் இறுகும். ஆனால் என்றோ இறுகிவிட்ட பழைய பரப்பின்மேல் அதன் பிடிப்புக் குறைவு. எப்பாக்ஸி விலை கூடியது. பிடிப்போ மிக உறுதி. செப்பனிடுவதற்கு எப்பாக்ஸியைத் தேர்ந்தேன். அப்படித் தேர்ந்தவன் சாதாரண மேட்டைப் பயன்படுத்தக் கூடாது. அந்த மேட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்னும் திரவத்தில்தான் கரையும். எப்பாக்ஸியில் கரையாமல் விறைத்து நிற்கும். ஆகவே நெய்த கண்ணாடித் துணியையே வெட்டி, சிறியது முதலில், பெரியது பிறகு என்று அடுக்கினேன். எப்பாக்ஸி முழுவதும் இறுகிய இடத்தின்மேல் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது என்பதையும் முன்கூட்டியே எண்ணி, இறுதியில் வர்ணமே பூசுவதென்று தீர்மானித்தாகிவிட்டது.

முகமூடியும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் இந்த வேலையை யாரும் தொடக் கூடாது. அரைக்கும்போது எழும் தூள் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குள் போகிறது. தோலில் பட்டால் நாள் முழுவதும் நமைச்சல்.

ஏப்ரல் 26

எதை வைப்பது, எதை நீக்குவது என்ற கேள்வி இன்று முழுவடிவில் எழுந்தது. பழைய கோயிலுக்கு ஜீர்ணோத்தாரணம் செய்கிறவர்கள், உறுதியான கல்லை எடுத்தெறிந்துவிட்டுப் புதிய கல் வைப்பதில்லை. எந்தத் தலைமுறையின் திருப்பணியாயினும், தாங்குகிற கல் தன் இடத்திலேயே இருக்கும். தாங்காத கல்லே வெளியேறும். அந்த நியாயம் எனக்கு வழிகாட்டியாயிற்று.

பெயர் அறியாத முந்திய உரிமையாளர் ஒருவர், கருவிப் பலகையை அலுமினியத் தகட்டில் வெட்டி, ஒவ்வொரு துளையின் விளிம்பையும் அரத்தால் ராவி, கையாலேயே மெருகிட்டிருக்கிறார். தொழிற்சாலைப் பலகை இதைவிட நேர்த்தியாக இராது; இந்தப் பலகை தன் இடத்திலேயே இருக்கும். அவருக்குப் பின் வந்த மற்றொருவர், பக்கவாட்டுத் துளைகளை அரை அங்குலக் கனத்துக்குப் பட்டி கொண்டு அடைத்திருக்கிறார்; அடியில் இழையே இல்லை; அது போகும். செய்தவரின் பெயரையோ காலத்தையோ நான் எடைபோடவில்லை. வேலையை மட்டுமே எடைபோட்டேன்.

மே 17

இன்று மாற்றங்களின் முறை. பீட்டிலின் கனத்த உடல் நீங்கியதால் பின்புறம் நியாயமான உயரத்துக்கு மேல் எழும்பி நின்றது. பின்புறத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பியின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44 பற்கள். உள்ளே ஒரு பல்லை ஒரு பக்கமும் வெளியே ஒரு பல்லை எதிர்ப்பக்கமும் நகர்த்தினால் மிஞ்சும் வித்தியாசம் ஒரு பாகைக்கும் குறைவு. இவ்வளவு நுட்பமாக உயரத்தைத் திருத்த இடம் வைத்த ஜெர்மானியப் பொறியியலாளரை மனதார வாழ்த்தினேன்.

முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பூட்டினேன். சீட் பெல்ட்டையும், வண்டி புரண்டால் தலையைக் காக்கும் இரும்பு வளையத்தையும் ஃபைபர் உடலில் பிணைக்காமல், அடித்தளத்து இரும்பிலேயே தடித்த தகடு கொடுத்துப் பிணைத்தேன். விபத்தின் இழுப்பை ஃபைபர் தாங்காது, போல்ட் அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

மின்சாரத்தில்தான் அதிகக் காலம் சென்றது. இரும்புக் காரில் உடலே எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் வழி. கண்ணாடி இழையோ மின்சாரத்தைக் கடத்தாத பொருள். ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் தனியே ஓர் எர்த் கம்பி ஓடியாக வேண்டும். பழைய கம்பிகள் எங்கே புறப்பட்டு எங்கே முடிகின்றன என்பதற்கு ஒரு படமும் இல்லை. கட்டியவர்கள் எவரும் எழுதி வைக்கவில்லை. முழுவதையும் கழற்றி எறிந்து, புதிதாக, நிறவாரியாக இழுத்து, ஒவ்வொன்றையும் காகிதத்தில் வரைந்து வைத்தேன்.

ஜூன் 7

என்ஜின் 1600 சி.சி.; காற்றினால் குளிர்வது. பழைய அமைப்பில் ஆயில் கூலர் காற்றின் வழியில் நிற்பதால் மூன்றாம் சிலிண்டர் எப்போதும் அதிகச் சூடாகும். 1971 மாடல் முதல் கூலரை விலக்கி வைத்துக் கம்பெனியே இக்குறையைத் தீர்த்தது. அந்தப் பிந்திய அமைப்பையே பொருத்தினேன். என்ஜின் வெளியே தெரிவது அழகென்று கருதி, அதைச் சுற்றிய தகடுகளைப் பலர் கழற்றிவிடுகிறார்கள். அவை காற்றைச் சிலிண்டருக்குச் செலுத்தும் வழிகள். அவையின்றி என்ஜின் வெந்துபோகும். எல்லாத் தகடுகளும் தத்தம் இடம் சேர்ந்தன.

ஜூன் 28

உப்புத்தாள் கொண்டு தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வேலையை என் மகள் ஏற்றுக்கொண்டாள். "அப்பா, உள்பக்கத்தை யாருமே பார்க்கப் போவதில்லையே, அதை ஏன் தேய்க்கிறோம்?" என்று கேட்டாள். "அடுத்து இதைப் பழுது பார்க்கப் போகிறவர் பார்ப்பார், அம்மா" என்றேன். சற்று யோசித்துவிட்டு, சொல்லாமலே உள்பக்கத்தைத் தொடர்ந்தாள். வர்ணம் பழைய ஆரஞ்சே.

ஜூலை 5

வண்டி ஓடுகிறது, நேராக ஓடுகிறது, பிரேக் போட்டால் நேராக நிற்கிறது. அரசாங்கப் பதிவேட்டில் இது இன்னமும் வோக்ஸ்வேகன்தான். அடித்தளத்தில் பொறித்த எண் அப்படிச் சொல்கிறது. அதற்கு மேலுள்ள யாவும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவை.

ஆகையால், வீட்டில் கார் கட்டும் ஒவ்வொரு அன்பரிடமும் என் விண்ணப்பம் இது. எந்த ரெசின், எத்தனை அடுக்கு, எங்கே வெல்ட், எந்தக் கம்பி எந்த நிறம் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். மறைவான இடங்களைப் படம் எடுத்து அதில் ஒட்டுங்கள். வண்டியை விற்கும் நாளில் சாவியுடன் அந்த நோட்டையும் கொடுங்கள். கிட் காருக்குத் தொழிற்சாலை இல்லாத குறையை அதைக் கட்டுகிறவர்கள்தான் நிறைவு செய்ய வேண்டும்.