கலர் கழுவிய கடைசி ஊர்

உங்கள் வீட்டு அலமாரியில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், கழுவாத பழைய பிலிம் சுருள் ஏதாவது கிடக்கிறதா? 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று போட்டு வைத்ததுதானே? அப்படியானால் என்னோடு பார்சன்ஸ் என்ற ஊர் வரைக்கும் மானசீகமாக வந்துவிட்டுப் போங்கள்.

அமெரிக்காவில், கான்ஸாஸ் மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது அந்த ஊர். ரயில் பாதை போட்டபோது பிறந்தது. ரயில் கம்பெனித் தலைவர் ஒருவரின் பெயரே ஊருக்கும் பெயர். ஜனத்தொகை சுமார் 10,000. பார்ப்பதற்கு மலையுமில்லை, கடலுமில்லை. ஆனாலும், 2010 டிசம்பரில் உலகத்தின் நாலா திசைகளிலிருந்தும் பார்சல்கள் அங்கே வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் ஒரே சரக்கு. கோடக் கம்பெனியின் 'கோடாக்ரோம்' கலர் பிலிம்!

1935-ல் வெளிவந்த அந்தப் பிலிமைக் கண்டுபிடித்தவர்கள் யார் தெரியுமா? இரண்டு சங்கீத வித்வான்கள்! மான்னஸ் பியானோ வாசிப்பவர், கோடாவ்ஸ்கி பிடில்காரர். இருட்டறையில் கடிகாரத்துக்குப் பதில் பிராம்ஸின் சங்கீதத்தைச் சீட்டியடித்தே நேரம் கணக்கிட்டார்கள் என்று சொல்வதுண்டு.

குங்குமச் சிவப்பு குங்குமச் சிவப்பாகவே விழும் பிலிம் அது. ஆனால் ஒரு விசித்திரம். பிலிமில் சாயமே கிடையாது! வெள்ளைத் துணியை நெய்துவிட்டுப் பிறகு சாயம் தோய்ப்பதுபோல, கழுவும்போதுதான் மூன்று வர்ணங்களும் ஒவ்வொன்றாக ஏறும். வீட்டில் செய்கிற காரியமில்லை. டிஜிட்டல் காமிரா வந்தது, வியாபாரம் படுத்தது. 2009 ஜூனில், தயாரிப்பை நிறுத்துவதாகக் கோடக் அறிவித்தது. கடைசியில், உலகத்துக்கே அதைக் கழுவித் தர பார்சன்ஸிலிருந்த 'ட்வேய்ன்ஸ் போட்டோ' ஒன்றுதான் மிச்சம். அவர்களும் 2010 டிசம்பர் 30-ஐக் கெடுவாக வைத்துவிட்டார்கள்.

அர்க்கன்ஸாவிலிருந்து ஒரு ரயில்வே ஊழியர் வந்தார். 1,580 சுருள்களைக் கழுவ அவர் கொடுத்த கூலி 15,798 டாலர். அத்தனையும் ரயில் வண்டிப் படங்கள்! ரயிலால் பிறந்த ஊரில் அவை கண் விழித்தது பொருத்தந்தானே?

பச்சைக் கண் ஆப்கன் சிறுமியைப் படம் பிடித்துப் புகழ்பெற்ற ஸ்டீவ் மக்கரியிடம், தயாரிப்பில் கடைசியாக வந்த சுருளைக் கொடுத்தார்கள். 36 படங்கள். நம் ராஜஸ்தானத்து முகங்களும் அவற்றில் உண்டு. கடைசிப் படத்தை எங்கே எடுத்தார் என்கிறீர்கள்? பார்சன்ஸ் ஊர் இடுகாட்டில்!

குவிந்த சுருள்களைக் கழுவி முடிக்க 2011 ஜனவரி ஆயிற்று. பிறகு இயந்திரம் நின்றது. கழுவிய படங்கள் இருட்டில் வைத்தால் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. கெடுவைத் தவறவிட்ட சுருள்களோ, கழுவக் கொடுத்தாலும் கறுப்பு வெள்ளையாகத்தான் திரும்புகின்றன. யாரோ ஒருத்தியின் கல்யாணப் புடவை என்ன வர்ணமோ, அது போனது போனதுதான்.

நம் வீடுகளில் கிடப்பது பெரும்பாலும் வேறு வகைப் பிலிம். அதைக் கலரிலேயே கழுவித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாட்டியின் சிரிப்பு அந்தச் சுருளுக்குள் காத்திருக்கலாம். அலமாரியை இன்றைக்கே ஒரு தடவை பாருங்களேன்!