தன்னூறும் எல்லைக்கோட்டு ஆளுமையும்: ஒரு நோக்கு

1961ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரிலுள்ள 'இன்ஸ்டிடியூட் ஒஃப் லிவிங்' என்னும் மனநல வைத்தியசாலையிற் பதினேழு வயது மாணவி ஒருத்தி சேர்க்கப்பட்டாள். ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரத்தவள். வசதி படைத்த கத்தோலிக்கக் குடும்பத்தின் ஆறு பிள்ளைகளுள் ஒருத்தி. கல்வியிற் கெட்டிக்காரி, பியானோ வாசிப்பதில் வல்லவள். ஆயினும் வீட்டார் எதிர்பார்த்த அழகிய, அடக்கமான பெண்ணாகத் தன்னால் ஒருபோதும் ஆகமுடியாது என்ற எண்ணம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. வைத்தியசாலையில் இருந்த காலத்தில், வாய்த்த போதெல்லாம் அவள் தன் உடலைத் தானே ஊறுபடுத்தினாள். அவளைத் தனியறையில் அடைத்தார்கள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கம்பியிட்ட ஒரு சிறு யன்னல். அங்கும் அது நிற்கவில்லை.

மனப்பிளவு நோய் என்றார்கள். மருந்துகள் கொடுத்தார்கள், மின்னதிர்ச்சிச் சிகிச்சை செய்தார்கள், உளப்பகுப்பாய்வும் நடத்தினார்கள். இருபத்தாறு மாதங்களின் பின், 1963 மே மாத இறுதியில் அவள் வெளியேறியபோது எழுதப்பட்ட அறிக்கை, தங்கியிருந்த காலத்தின் பெரும்பகுதியில் அவ்வைத்தியசாலையின் மிகவும் குழம்பிய நோயாளருள் ஒருத்தியாக அவள் இருந்தாள் என்று கூறுகின்றது.

அந்தப் பெண்தான் பிற்காலத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியற் பேராசிரியராகிய மார்ஷா லினஹன். அன்றைய மார்ஷாவுக்கு இன்று நோய்ப்பெயர் ஒன்று இடுவதாயின் யாது இடுவார் என்ற வினாவுக்கு அவர் கூறிய விடை, எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்பதாகும். தன்னைத் தானே ஊறுபடுத்தும் செயலுக்கும் (இக்கட்டுரையில் அது தன்னூறு எனப்படும்) அக்கோளாற்றுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள அவரது வாழ்வைவிடச் சிறந்த வாயில் வேறில்லை. நோயாளியாகவும் மருத்துவராகவும் ஆய்வாளராகவும் அவ்வுறவைக் கண்டவர் அவர்.

'எல்லைக்கோடு' என்ற பெயரே சற்றுக் குழப்பமானது. 1938இல் அடோல்ஃப் ஸ்டேர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர், நரம்புத்தளர்ச்சி என்றும் அடக்கமுடியாத, முழுப் பித்து என்றும் சொல்லமுடியாத நோயாளர் சிலரைக் கண்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லைக் குழுவினர் என அவர்களை அழைத்தார். இன்று அந்த இரண்டு நாடுகளும் வரைபடத்தில் அவ்வாறு இல்லை. எல்லைக்கோடு மாத்திரம் எஞ்சியிருக்கின்றது. அதே 1938இற்றான் கார்ல் மெனிங்கர், மனிதன் தனக்குத்தானே பகையாவது பற்றிய தமது நூலை வெளியிட்டார். தன்னூறு என்பது முழு அழிவைத் தவிர்ப்பதற்காக உள்ளம் செய்துகொள்ளும் ஒரு பேரம். ஒரு பகுதியைக் கொடுத்து மீதியைக் காப்பது என்பது அவரது கருத்து. வியக்கத்தக்க கூற்று இது. ஆனால் இவ்விரு சிந்தனைகளும் நெடுங்காலம் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. 1980இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப்பகுப்பு நூலின் மூன்றாம் பதிப்பிலேதான் எல்லைக்கோட்டு ஆளுமை ஒரு தனிக் கோளாறாக இடம்பெற்றது. தன்னூறும் அதன் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்ந்தது.

அந்நூலின் பிந்திய பதிப்புகள் ஒன்பது அடையாளங்களைக் கூறுகின்றன: கைவிடப்படுவோம் என்ற பேரச்சம், இன்று தெய்வமாகவும் நாளை பகையாகவும் பிறரைக் காணும் உறவுகள், நிலையற்ற தன்னுருவம், விளைவெண்ணாச் செயல்கள், தற்கொலை எத்தனமும் தன்னூறும், மணிக்கு மணி மாறும் மனநிலை, நீங்காத வெறுமை, அடங்காச் சினம், நெருக்கடியில் தோன்றும் ஐயமும் தன்னிலை மறத்தலும். இவற்றுள் ஐந்து இருந்தாற் போதும். கணக்கிட்டுப் பார்த்தால், இதே பெயரை 256 வெவ்வேறு வழிகளிற் பெறலாம். தன்னூறே இல்லாத எல்லைக்கோட்டு நோயாளி இருக்கலாம் என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வாறாயின் இரண்டையும் பிணைப்பது எது? லினஹனின் விளக்கம் உணர்ச்சியிலிருந்து தொடங்குகின்றது. சிலர் பிறப்பிலேயே உணர்ச்சிக்கு விரைவில் ஆட்படுபவர், அவ்வுணர்ச்சி உச்சமாக எழும், தணிய நெடுநேரமாகும். உடல் முழுதும் தீப்புண் பட்டவருக்கு மெல்லிய தொடுகையும் வேதனையாவது போல்வது அது என்பார் அவர். இத்தகைய பிள்ளை, "இதற்கெல்லாமா அழுவது?", "உனக்கு ஒன்றுமில்லை" என்று எந்நேரமும் மறுத்துரைக்கும் சூழலில் வளருமாயின், தன் உணர்ச்சிக்குப் பெயரிடவோ அதை நம்பவோ தணிக்கவோ கற்றுக்கொள்வதில்லை. தாங்கமுடியாத அகவேதனை எழும்போது, உடலின் வலி அதைச் சற்றுநேரம் தள்ளிவைக்கின்றது. உணர்வு மரத்த நிலையில், தான் உயிரோடிருப்பதை அறிவிக்கின்றது. அந்தச் சிறுபொழுது ஆறுதலே வினையை மீண்டும் அழைக்கின்றது. ஆறுதலைத் தொடர்ந்து வெட்கம் வரும், வெட்கம் வேதனையை மிகுவிக்கும், வட்டம் பூர்த்தியாகும். ஆகவே தன்னூறு நோயின் மூலமன்று. நோய்க்கு அந்த உள்ளம் கண்டுபிடித்த பொல்லாத மருந்து என்பதே பொருந்தும்.

நம்மூர் வழக்கில் இதற்கு வேறு பெயருண்டு. "வெருட்டுகிறாள்" என்பார்கள், "நடிப்பு" என்பார்கள். படித்தவரும் சொல்வர். வைத்தியசாலை விடுதிகளிலும், இங்கு மட்டுமன்றி மேனாடுகளிலும், இந்நோயாளருக்கு இருந்துவந்த பெயர் நல்லதன்று. இலங்கையிலே தற்கொலை முயற்சி 1998ஆம் ஆண்டுவரை சட்டப்படி குற்றமாகவே இருந்தது என்பதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. செயலைக் கண்டு பிறர் ஓடிவருவது உண்மையே. அவ்வாறு ஓடிவருவது செயலை வலுப்படுத்தக்கூடும் என்பதும் உண்மையே. ஆனால் விளைவைக் கொண்டு நோக்கத்தைத் தீர்ப்பது தருக்கப் பிழை. தன்னூற்றிற் பெரும்பங்கு மறைவில் நிகழ்வது. நீண்ட சட்டைக் கைகளுக்குள் ஒளிக்கப்படுவது. பார்வையாளரை வேண்டாத நடிப்பு எங்குண்டு?

இன்னொரு தடையையும் ஈழத்து வாசகர் எழுப்பக்கூடும். கதிர்காமத்திலும் ஊர்க்கோயில்களிலும் அலகு குத்திச் செடிற் காவடி எடுப்போரும் தம் உடலை வருத்துகின்றனரே, அவர்களும் நோயாளரா? அல்லர். ஊர் அறிந்த நேர்த்தி, விரதம், நாள், முறை, துணை நிற்கும் உறவினர், இறக்கி முடிந்தபின் நிறைவு என்பன அங்குண்டு. வேதனைக்கு ஒரு பொதுமொழி இருக்கின்றது. பேராதனையிற் கற்பித்தவரான மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, கதிர்காமத்துச் சடைமுடித் துறவியரை ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட 'மெடூசாவின் கூந்தல்' என்ற நூலில், தனிமனிதரின் ஆழ்ந்த உளக்காயங்கள் பண்பாடு வழங்கும் குறியீடுகளினூடாகப் பொருள்பெறும் விதத்தை விளக்கியுள்ளார். ஹார்ட்ஃபோர்ட்டின் தனியறையில் இருந்த பெண்ணுக்கு அத்தகைய மொழி எதுவும் கிட்டவில்லை. அவள் வேதனைக்கு அவளையன்றி வாசகர் இல்லை.

எனினும் தன்னூறு கண்டவிடமெல்லாம் எல்லைக்கோட்டு ஆளுமை என்று முடிவுகட்டுவது பெருந்தவறு. மனச்சோர்வு, பதகளிப்பு, உணவுண்ணற் கோளாறுகள், சிறுவயதில் நேர்ந்த கொடுமைகள் ஆகிய பலவற்றோடும் அது காணப்படும். நோய்ப்பெயர் எதுவுமே பொருந்தாத பதின்வயதினரிடமும் காணப்படும். 2013இல் வெளியான ஐந்தாம் பதிப்பு, தற்கொலை நோக்கமற்ற தன்னூற்றை மேலும் ஆராயவேண்டிய தனிநிலை எனக் குறித்தது இதனாலேயே. நோக்கமற்றது என்பதால் அபாயமற்றது என்று கொள்ளலாகாது. இன்று சாக எண்ணாதவரிடத்தும் அது பின்னைய தற்கொலை முயற்சிக்கு முன்னறிகுறியாகலாம்.

இனி லினஹனின் கதைக்கு மீள்வோம். வைத்தியசாலையை விட்டபின் சிக்காகோ சென்று, வேலை பார்த்தபடி லொயோலா பல்கலைக்கழகத்தில் இரவு வகுப்புகளிற் படித்தார். அந்நரகத்திலிருந்து தான் மீண்டால், திரும்பிச் சென்று மற்றவரையும் மீட்பதென்று முன்னரே நேர்ந்திருந்தார். 1967இல் ஒருநாள் சிற்றாலயமொன்றில் முழந்தாளிட்டிருந்தபோது, தன்னைத் தானே ஏற்றுக்கொள்ளும் ஓர் உணர்வு தன்னுள் நிறைந்ததாகப் பின்னர் சொன்னார். 1971இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அவர் முதலில் எல்லைக்கோட்டு ஆளுமையைத் தேடிச் செல்லவில்லை. சாக விரும்புவோருக்கும் மீண்டும் மீண்டும் தம்மை ஊறுபடுத்துவோருக்கும் உதவவே விரும்பினார். ஆய்வுக்குப் பணம் வேண்டுமாயின் நோய்ப்பெயரொன்று வேண்டும் என்ற நிலை ஏற்பட்டபோதே அப்பெயரைத் தேர்ந்தார். தன்னூறும் இக்கோளாறும் ஆராய்ச்சி நூல்களில் இத்துணை நெருங்கி நிற்பதற்கு அலுவலகக் காரணமும் ஒன்றுண்டு என்பதை மாணவர் மறத்தலாகாது.

நடத்தைச் சிகிச்சையின் வழியில், "மாறு" என்றபோது நோயாளர் தம்மைக் குற்றஞ்சாட்டுவதாகக் கொதித்தனர். "உன் வேதனை நியாயமானது" என்று மட்டும் சொன்னபோது, கைவிட்டுவிட்டதாகக் கலங்கினர். இரண்டையும் ஒருங்கே பிடிக்க வேண்டியிருந்தது. அதுவே இயங்கியல்சார் நடத்தைச் சிகிச்சை எனப்பட்டது. அதிற் கண்டிப்பான விதியொன்று உண்டு. தன்னை ஊறுபடுத்துமுன் நோயாளி எந்நேரமும் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைக்கலாம். ஊறுபடுத்தியபின் உயிராபத்து இருந்தாலன்றி 24 மணிநேரம் அழைத்தலாகாது. கடுமையாகத் தோன்றும்; ஆயின், காயம்தான் அன்பின் விலை என்று உள்ளம் கற்ற பாடத்தை அது தலைகீழாக்குகின்றது.

1991இல் வெளியான அவரது பரிசோதனை ஆய்வில், ஓராண்டுச் சிகிச்சை பெற்ற பெண்களிடம் தன்னூறும், வைத்தியசாலையிற் கழித்த நாட்களும், வழமையான சிகிச்சை பெற்றோரிலும் குறைவாயிருந்தன. ஆனால் மனச்சோர்விலும் நம்பிக்கையின்மையிலும் இரு குழுவினருக்கிடையில் வேறுபாடு காணப்படவில்லை. கை ஓய்ந்துவிட்டது; துயர் அவ்வளவு வேகமாக ஓயவில்லை. மசச்சூசெற்ஸ் மாநிலத்து மக்லீன் வைத்தியசாலையில் மேரி ஸனரினி குழுவினர் 290 நோயாளரை நீண்டகாலம் தொடர்ந்து நோக்கியபோதும் இதையொத்ததே தெரிந்தது. பத்தாண்டுகளுக்குள் 93 வீதமானோர் குறைந்தது ஈராண்டுக்கேனும் நோய்க்குறிகள் தணிந்திருந்தனர். அவர்களிடம் முதலில் மறைவது தன்னூறும் தற்கொலை முயற்சியுமே. வெறுமையும் சினமும் கைவிடப்படும் அச்சமும் பின்தங்கி நிற்கும். தொழிலும் உறவுமாக முழு வாழ்வையும் மீளப் பெற்றவர் ஏறத்தாழ அரைவாசிப் பேர். தழும்பு ஆறிய கையைக் கண்டு சிகிச்சை முடிந்தது என்று எண்ணும் குடும்பத்தார் அறியவேண்டிய செய்தி இது.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் லினஹன் தன் கதையை ஊருக்குச் சொல்லவில்லை. அவரது சட்டைக் கைக்குக் கீழிருந்த பழைய தழும்புகளைக் கண்ட நோயாளி ஒருத்தி, நீங்களும் எங்களில் ஒருவரா என்று கேட்டாள். அவ்வாறு கேட்டவள் அவள் மாத்திரமல்லள். 2011 யூன் மாதத்தில், தாம் அடைக்கப்பட்டிருந்த அதே ஹார்ட்ஃபோர்ட் வைத்தியசாலையில், உறவினரும் மருத்துவரும் நிறைந்த அவையில் அவர் முழுவதையும் சொன்னார். அப்பயணத்தில் பழைய தனியறையையும் சென்று பார்த்தார். அது ஒரு சிறிய அலுவலக அறையாக மாறியிருந்தது. யன்னல்களை மாற்றிவிட்டார்கள், வெளிச்சம் முன்னிலும் அதிகம் வருகிறது என்று உடன் வந்தவர்களிடம் காட்டினார்.