எழுத்தும் வர்ணமும்

புதுக்கோட்டைப் பஸ் நிலையத்தில் ஏறி, நாம் வேலை பார்க்கும் கிராமத்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகிறது. வழியில் படிப்பதற்குப் புத்தகம் எதுவும் கொண்டு போக வேண்டியதில்லை. இரு மருங்கிலும் ‘ப்ளெக்ஸ்’ என்னும் வழுவழுத்த துணியில் அச்சிட்ட விளம்பரங்கள் வரிசையாக நிற்கின்றன. காது குத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, புது வீட்டுக்கு ஒன்று, காலமானவருக்கு ஒன்று. எல்லாவற்றிலும் வானவில்லுக்கு உள்ள நிறங்கள் அத்தனையும் உண்டு. அதற்கு இல்லாத நிறங்களும் சில உண்டு. எழுத்துக்களோ வளைந்தும், சாய்ந்தும், நிழல் விழுந்தும், தங்க முலாம் பூசிக்கொண்டும் நர்த்தனம் செய்கின்றன. இன்ன விசேஷம் என்று கண்டுபிடிப்பதற்குள் பஸ் அடுத்த ஊருக்குப் போய் விடுகிறது. ஒரு நாள் நம் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, “மாப்பிள்ளைக்கு வயசு கொஞ்சம் ஜாஸ்திதான்” என்றார். அது முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.

ஊரார் விஷயமாக இருந்த வரையில் நாமும் சிரித்துக் கொண்டுதான் போனோம். சென்ற வருஷம் சித்திரை மாதத்தில் அது நம் பள்ளிக்கூடத்து விஷயம் ஆயிற்று.

முந்திய வருஷம் நம் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்த குழந்தைகள் நால்வர். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவார்; ஆசிரியர் குறைந்தால் பிள்ளைகள் இன்னும் குறைவார்கள். இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்பதைக் கணக்கு வாத்தியார் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஊரில் தனவந்தர் ஒருவர் மனம் இரங்கி, மாணவர் சேர்க்கைக்காகத் தம் செலவில் பெரிய ப்ளெக்ஸ் ஒன்று அடித்துக் கொண்டு வந்து வாசலில் கட்டினார். அதில் அவருடைய படம் ஆறடி உயரம். ரோஜாப்பூக்கள், இரண்டு புறாக்கள், உதய சூரியன், மேகங்கள். மேகங்களின் மீது இளமஞ்சள் எழுத்தில் காலைச் சிற்றுண்டி, இலவசப் புத்தகம், சீருடை முதலிய சமாசாரங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் தினமும் காலையும் மாலையும் அதைக் கடந்து போனார்கள். அவர்களில் பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஒரு பாட்டியை நிறுத்தி, “என்ன எழுதியிருக்கிறது, சொல்லுங்கள்” என்று கேட்டோம். “அவுகளுக்குப் பிறந்த நாளு போல இருக்கு” என்றாள்.

இச்சமயத்தில்தான் நாம் ஒருவரிடம் மாணாக்கராகச் சேர்ந்தோம். முப்பது வருஷம் கடைப் பெயர்ப் பலகைகளும் சுவர் விளம்பரங்களும் எழுதிப் பிழைத்தவர். ப்ளெக்ஸ் வந்த பிறகு தொழில் போயிற்று. ஊரார் அவரை இன்றைக்கும் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்றுதான் அழைக்கிறார்கள். விதியின் குறும்பைப் பாருங்கள்: அவருடைய மகன் நம்மிடம் படித்தவன், டவுனில் ஒரு ப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டிசைன் செய்கிறான். தகப்பனாரின் தொழிலைத் தின்ற இயந்திரமே குடும்பத்துக்குச் சோறும் போடுகிறது. தகப்பனும் பிள்ளையும் இதைப் பற்றி வீட்டில் பேசிக் கொள்வதில்லை என்று கேள்வி.

“அண்ணே, பள்ளிக்கூடத்துச் சுவரில் நீங்கள் எழுதித் தர வேண்டும்” என்று போய் நின்றோம். அவர் உடனே சம்மதிக்கவில்லை. கண்ணில் புரை விழுந்திருந்தது. “நெறம் எல்லாம் டீத்தண்ணி வழியாப் பாக்கற மாதிரி தெரியுது சார். நீலமும் கறுப்பும் ஒண்ணாக் கெடக்கு” என்றார். பிறகு, “எழுத்து எங்கே நிக்கணும்னு மட்டும் வந்து சொல்றேன்” என்று கிளம்பினார்.

வந்தவர் சுவரைப் பார்க்கவே இல்லை. முதுகைச் சுவருக்குக் காட்டி, ரோட்டைப் பார்த்து நின்றார். படிக்கிறவர் எங்கே நிற்பார், நடந்து போவாரா, பஸ்ஸில் போவாரா, எந்நேரத்தில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்றெல்லாம் விசாரித்தார். ரோட்டுக்கும் சுவருக்கும் நாற்பது அடி. பத்தடி தூரத்துக்கு எழுத்து ஓர் அங்குலமாவது உயரம் வேண்டும் என்பது தொழிலில் வழங்கும் கணக்காம். நம் தமிழ் எழுத்துக்குள் சுழிகள் அதிகம், ஆகையால் ஒன்றரை அங்குலம் வைப்பது உசிதம் என்றார். ஆக ஆறு அங்குல எழுத்து. ஆறு அங்குலத்தில் எழுதினால் ஒரு வரிக்கு நாலு வார்த்தைதான் கொள்ளும். தலைமையாசிரியர் எழுதித் தந்திருந்த இருபத்தாறு வரி வாசகம் ஒரு மணி நேரத்தில் ஐந்து வரியாயிற்று. தமிழாசிரியர் என்ற முறையில் நாம் பல வருஷங்களாகப் பிள்ளைகளுக்குப் போதித்து வரும் சுருக்கி வரைதல் என்னும் கலையை அன்றுதான் அதன் முழு மகிமையோடு கண்டோம்.

பிறகு சுண்ணாம்புப் பொடியில் நூலைத் தோய்த்து, இரு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டினார். ஒரு வரிக்கு இரண்டு கோடு போதும் என்பது நம் எண்ணம். அவர் நான்கு அடித்தார். ‘கி’, ‘கீ’ என்றால் தலைக்கு மேல் ஒரு கொக்கி. ‘கு’, ‘கூ’ என்றால் காலுக்குக் கீழே ஒரு சுழி. ‘ழ’ இறங்கும், ‘ஞ’வும் சும்மா இராது. மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் முட்டிக் கொண்டால் படிக்கிறவன் கண் தடுக்கி விழும். ஆகவே இங்கிலீஷ் எழுத்துக்கு விடுவதைவிடத் தமிழுக்கு வரிகளின் இடையே தாராளமாக வெளி விட வேண்டும். அவர் இதற்கு ‘மூச்சு’ என்று பெயர் வைத்திருந்தார். கடை விடுமுறையாதலால் அன்று வந்திருந்த மகன், “கம்ப்யூட்டரில் இதை லீடிங் என்போம்” என்றான். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை நாம் புத்தகத்தில் படித்திருந்தோம். ஈய எழுத்துக்களைக் கையால் கோத்த காலத்தில் வரிக்கும் வரிக்கும் இடையே மெல்லிய ஈயப் பட்டை செருகுவார்கள். ஈயம் போய் வெகு நாளாயிற்று. பெயர் மட்டும் கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கிறது. இதைச் சொன்னதும் ஆர்ட்டிஸ்ட் மகனை ஏறிட்டுப் பார்த்து, “ஓகோ! உங்க மெஷின்லயும் மூச்சு உண்டா?” என்றார். அவர்கள் இருவரும் தொழிலைப் பற்றிப் பேசி நாம் கேட்ட முதல் வார்த்தை அது.

ஈயம் என்றதும் ஒரு பழைய கதை ஞாபகத்துக்கு வருகிறது. தமிழ் எழுத்து அச்சேறியது மிகவும் முன்னதாகவே; 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கப் புத்தகம் வெளி வந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டு, தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துக்கள் வார்த்து அனுப்பினார்கள். அந்த எழுத்துக்களோ அளவுக்கு மீறிப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. காகிதமோ கப்பலில் வர வேண்டும். ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கி அந்த எழுத்துக்களை வார்த்தார்கள் என்று சொல்வதுண்டு. எழுத்தின் அளவு என்பது அழகு சம்பந்தமான விஷயம் மட்டும் அல்ல. கப்பலும் காசும் கலந்த விஷயம் என்று இதனால் தெரிகிறது.

இவ்வளவு தூரம் ஆன பின், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அழைத்துக் கொண்டு சித்தன்னவாசலுக்குப் போனோம். புதுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டர். அங்கே எழுத்தும் வர்ணமும் ஒரே மலையில் இருக்கின்றன. ஏழடிப்பட்டம் என்னும் குகையில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள். அவற்றுள் ஒன்றின் அருகே தமிழ்ப் பிராமி எழுத்து. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஐராவதம் மகாதேவன் கணித்திருக்கிறார். நேர்க்கோடுகளும் சிறு வளைவுகளுமாகக் கோலத்தின் பிள்ளைப் பருவம் போல் இருக்கிறது அந்த எழுத்து. பிற்காலக் கல்வெட்டுக்களிலும் ஓலைகளிலும் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் கிடையாது. படிக்கிறவன் பாஷையை முன்பே அறிந்தவன் என்ற நம்பிக்கையில் எழுதியவை அவை. நம் நூறு நாள் வேலைப் பாட்டியை நினைத்துக் கொண்டோம். அவளுக்குப் புள்ளியும் வேண்டும், வெளியும் வேண்டும்.

புள்ளி, வெளி என்ற விஷயத்தில் குடுமியான்மலை இன்னும் ஓர் அதிசயம். அங்கே பாறையில் 38 வரிகளில் சங்கீத ஸ்வரங்களைக் கிரந்த எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் பலர் கருத்து. ஸ்வரங்களை நான்கு நான்காகப் பிரித்து, நடுவே இடம் விட்டு, ஏழு பகுதிகளாக அமைத்திருக்கிறார்கள். சங்கீதம் அறியாத நம் பையன் ஒருவன் தூரத்தில் நின்று பார்த்து, “வாய்ப்பாடு மாதிரி இருக்கு சார்” என்றான். ஓர் எழுத்துக்கூடத் தெரியாமலே அமைப்பைக் கண்டு கொண்டான்.

சித்தன்னவாசலின் அறிவர் கோயிலில் கூரையைப் பார்க்கும் போதுதான் வர்ணப் பாடம் ஆரம்பமாயிற்று. 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்னும் ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்தார் என்பது கல்வெட்டால் தெரிகிறது. தாமரைத் தடாகம், அதில் மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர் மூவர். வெகுவாக மங்கியிருக்கிறது. ஆயினும் அண்ணாந்த மாத்திரத்தில் எது இலை, எது பூ, எது மனித மேனி என்று தெரிந்து விடுகிறது. இத்தனைக்கும் எத்தனை நிறங்கள்? 1930-களில் சென்னை அருங்காட்சியக ரசாயன நிபுணர் எஸ். பரமசிவன் ஆராய்ந்திருக்கிறார். சுண்ணாம்பு வெள்ளை, கரியின் கறுப்பு, காவிக்கல்லின் சிவப்பும் மஞ்சளும், பச்சை மண், ஒரு நீலக்கல். ஆறே ஆறு. மகனுடைய கம்ப்யூட்டரில் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறங்கள் இருக்கின்றனவாம். எடுப்பதற்கு இவ்வளவு இருக்கும் இடத்தில் விடுவதற்குக் கற்றுக் கொள்வது கஷ்டந்தான்.

நிறம் தனியாக நிற்பதில்லை. பக்கத்து நிறத்தோடு சேர்ந்தே கண்ணில் விழுகிறது. பாரிஸில் கோப்லான் நெசவுச் சாலையில் சாயப் பகுதிக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரெல் என்னும் ரசாயன சாஸ்திரியிடம், கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்று புகார் வந்தது. அவர் பரீட்சை செய்து, சாயத்தில் குற்றமில்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறங்களே கறுப்பை அப்படிக் காட்டுகின்றன என்று கண்டார். 1839-ல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். நம் வீட்டில் இந்தப் புத்தகத்தை யாரும் படித்ததில்லை. ஆனால் கீழ ராஜ வீதியில் ஜவுளி எடுக்கப் போனால், ரவிக்கைத் துணியைச் சேலையின் கரை மேல் வைத்து, இரண்டையும் கடை வாசலுக்கு எடுத்துப் போய், பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் விலை கேட்பதில்லை. ஷெவ்ரெல் செய்ததும் இதுவேதான்.

சரி, சுவருக்கு என்ன நிறம்? ஆர்ட்டிஸ்ட் இதை முடிவு செய்த விதம் நமக்கு மறக்காது. டப்பாக்களைத் திறந்து வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, “இதுல எது ராத்திரி, எது பகல்?” என்று கேட்டார். நிறத்தின் பெயரை அவர் கேட்கவே இல்லை. மேகத்தின் வெள்ளையும் எழுத்தின் இளமஞ்சளும் நிறத்தால் வேறுதான். வெளிச்சத்தால் இரண்டும் பகல். பகலின் மேல் பகலை எழுதினால் யார் படிப்பார்? சிவப்பின் மேல் பச்சையும் அப்படித்தான், இரண்டும் சாயங்காலம். அவற்றைப் பிரித்தறியாத கண் உடைய ஆடவர்களும் நம்மிடையே உண்டு. “கறுப்பு வெள்ளையில நிக்காத எழுத்து கலர்ல நிக்காது சார்” என்றார். நிறங்களை இழந்து கொண்டிருந்த அந்தக் கண்ணுக்கு இது மட்டும் துலாம்பரமாகத் தெரிந்தது. கருநீலச் சுவர், வெள்ளை எழுத்து, ‘காலைச் சிற்றுண்டி’ என்ற ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் என்று தீர்மானம் ஆயிற்று.

எழுத்தின் உருவம் ஒன்றே ஒன்றுதான். மகன் வேறு இரண்டு உருவங்களைச் சிபாரிசு செய்தான். தகப்பனார் காதில் போட்டுக் கொள்ளவில்லை. ஆனால் ‘பிள்ளைகளை’ என்ற சொல்லில் தகப்பனாரின் கை பழக்க தோஷத்தால் துதிக்கை தூக்கிய பழைய ‘ளை’யைப் போட ஆரம்பித்தது. இவ்வெழுத்துச் சீர்திருத்தத்தைப் பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ பத்திரிகையில் கையாண்டார். அரசாங்க ஆணை 1978-ல் வந்தது. “இப்பப் படிக்கிற பிள்ளைகளோட அம்மாவுக்குக்கூட அது தெரியாது அப்பா” என்றான் மகன். பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு துணியால் துடைத்துவிட்டுப் புதிய ‘ளை’ எழுதினார். பழையதுதான் அழகு என்பது நம் அபிப்பிராயமும். ஆனால் சுவர் நம்முடைய அபிப்பிராயத்துக்காக எழுப்பியது அல்லவே. கோடு போட்டவர் தகப்பன். ஏணியில் ஏறி நிரப்பினவன் பெரும்பாலும் மகன். மூன்று நாள் வேலை.

ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் ஒன்பது குழந்தைகள் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் வீடு வீடாகவும் போனார்கள்; ஆகவே எல்லாப் பெருமையும் சுவருக்குத்தான் என்று நாம் வாதாட மாட்டோம். அந்தப் பாட்டி மட்டும் ஒரு மாலை நின்று, விரலைக் காற்றில் ஓட்டி, ஒவ்வோர் எழுத்தாக ஐந்து வரியையும் படித்தாள், “இட்டிலியும் உண்டா?” என்று கேட்டாள்.

ஐப்பசியில் ஆர்ட்டிஸ்டுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. புரை நீங்கியவர்களுக்கு முதலில் நீல நிறமே திடுக்கிட வைக்கும் என்பார்கள். கறுப்புக் கண்ணாடியும் கையுமாக வந்து சுவரின் எதிரே நின்றவர் வெகு நேரம் வாய் திறக்கவில்லை.

“ஏன் சார், இவ்வளவு நீலமாவா இருந்துச்சு?” என்றார்.

அப்புறம் கிட்டப் போய், மூன்றாவது வரியில் ‘ழ’வின் கால் ஒரு நூல் அளவு நீண்டிருப்பதைக் காட்டி, அது தம் கை அல்ல, மகன் கை என்றார். வருகிற சனிக்கிழமை ஏணி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். மருமகளுக்குத் தெரிய வேண்டாமாம்.