நால்வர் ஓடிய ஓட்டம்

பேராக் மாநிலத்து விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி எழுதுக என்றால், என் மாணவர் பெரும்பாலும் டாக்டர் மணி ஜெகதீசனையே தேர்ந்தெடுப்பர். வியப்பில்லை. 1943 இல் கோலகங்சாரில் பிறந்த அவர், 1960 ரோம், 1964 தோக்கியோ, 1968 மெக்சிக்கோ என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஓடியவர். மெக்சிக்கோவில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடியில் கடந்தது 2017 வரை தேசியச் சாதனையாக நிலைத்தது. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியிலோ 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சலோட்டம் என மூன்று தங்கம். அதே களத்தில் பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்றவர் தாப்பாவைச் சேர்ந்த ம. ராஜாமணி. நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் 1966 ஆம் ஆண்டுக்கு முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அவை இவ்விருவரையே அடைந்தன. இதனைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பறை நிமிர்ந்து உட்காரும். எனக்கும் அப்பெருமை உண்டு, ஒளிப்பானேன்?

ஆயினும் அந்த அஞ்சலோட்டத் தங்கத்தைப் பற்றி ஒரு சொல். தம்பு கிருஷ்ணன், ராஜலிங்கம் குணரத்தினம், முகமது அரிப்பின் அகமது ஆகிய மூவரும் அன்று ஜெகதீசனுடன் ஓடினர். இப்பெயர்களை எந்த மாணவரும் எனக்கு எழுதிக் காட்டியதில்லை. அஞ்சலோட்டத்தில் முதல்வர் கோலைக் கொடுத்தால் போதும். இறுதியானவர் வாங்கினால் போதும். இடையில் ஓடும் இருவரே வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். படத்தில் விழுபவரோ எல்லைக்கோட்டைக் கடப்பவர் மட்டுமே.

அமெரிக்கக் கல்லூரிகளின் காற்பந்தில் வேறொரு வழக்கம் உண்டு. பருவம் முடிந்ததும் ஒவ்வொரு கல்லூரிக் கூட்டமைப்பிலும் சிறந்தோர் பட்டியல் வெளியாகும். பந்தை ஏந்தி ஓடுவோர் மட்டுமன்றி, அவருக்கு வழிவிலக்கும் முன்வரிசைக் காவலரும், பந்தைத் தொடாமலே ஆட்டம் முடிப்பவரும், அவரவர் நிலைக்கேற்ப அதில் இடம்பெறுவர். முதல் அணி, இரண்டாம் அணி என்றும் வகுப்பர். அந்த முரட்டு ஆட்டம் எனக்குப் பிடிப்பதில்லை; பட்டியல் பிடித்திருக்கிறது.

நான் விளையாட்டுப் பொறுப்பேற்றிருந்த தோட்டப் பள்ளியில் ஒரு பலகை இருந்தது. ஆண்டுக்கு ஒரு பெயர். ஓராண்டு எங்கள் சிறுவர் நால்வர் வட்டார அஞ்சலோட்டத்தில் முதலிடம் பெற்றனர். இறுதியாக ஓடியவன் 100 மீட்டரிலும் வென்றவன். அவன் பெயரே பலகைக்கு என்றனர் யாவரும். மூன்றாவதாக வளைவில் ஓடியவனோ தனியோட்டம் எதிலும் வென்றதில்லை. ரப்பர்த் தோட்டம் விற்கப்பட்டு, அவன் குடும்பம் ஆண்டிறுதியில் ஈப்போவுக்குக் குடிபெயரவிருந்தது. தோட்டம் போனால் திடலும் போகும். பெரட்டுக் களத்தில் அவனை அறிந்தோரும் திசைக்கொருவராய்ப் பிரிவர். அவன் ஓடினான் என்பதற்கு எழுத்துச் சான்றாக அப்பலகை ஒன்றே இருக்கக்கூடும்.

நால்வர் பெயரையும் எழுதக் கேட்டேன். "ஆண்டுக்கு ஒரு வரிதானே ஐயா!" என்றார் தலைமையாசிரியர். ஒரு வரியிலேயே எழுதுவோம் என்றேன். பெயரெழுத வந்தவர் தம் மெல்லிய தூரிகையைத் தேடியெடுத்து, ஓடிய வரிசைப்படியே எழுதினார். மூன்றாம் பெயர் சற்று நீளம்; ஆதலால் நான்காமவனின் தலைப்பெழுத்துக்கு இடம் போதவில்லை.