கால்வாய்ப் படகுகளில் ஓசையற்ற பகை

இலண்டன் மாநகருக்குச் செல்லும் நம்மவர்கள் தேம்ஸ் நதியைக் காணாமல் திரும்புவதில்லை. ஆனால் அந்நகரின் வீடுகளுக்குப் பின்புறமாக, அமைதியாகக் கிடக்கும் மற்றொரு நீர்வழியைக் கண்டு வருவோர் சிலரே. ரீஜண்ட்ஸ் கால்வாய் என்பது அதன் பெயர். மேற்கே பாடிங்டன் பகுதியில் தொடங்கி, கிழக்கே லைம்ஹவுஸ் என்னுமிடத்தில் தேம்ஸ் நதியைச் சேரும் இக்கால்வாய், 1820ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அந்நாளில் கரையோரம் குதிரைகள் நடந்து, கயிற்றால் சரக்குப் படகுகளை இழுத்துச் சென்றன. குதிரைகள் நடந்த அந்தப் பாதைதான் இன்று மக்கள் உலவும் நடைபாதையாக விளங்குகிறது.

'லிட்டில் வெனிஸ்' என்று அழைக்கப்படும் இடத்திலிருந்து கிழக்கு நோக்கி நடந்து பாருங்கள். கரையோரம் வரிசை வரிசையாக நீண்ட படகுகள் கட்டப்பட்டிருக்கும். அகலம் 7 அடிதான். நீளமோ 70 அடி வரை இருக்கும். இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களில் உள்ள குறுகிய மதகுகளுக்குள் நுழைவதற்காக ஏற்பட்ட அளவு அது. கூரையின்மீது பூந்தொட்டிகள், விறகுக் கட்டுகள், மிதிவண்டிகள். சிறிய புகைபோக்கியிலிருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருக்கும். இவை உல்லாசப் படகுகள் மட்டுமல்ல. பல குடும்பங்களுக்கு இவையே வீடு. இலண்டனின் வீட்டு வாடகையைத் தாங்க இயலாமல் படகில் குடியேறியவர்களும் இவர்களுள் உண்டு. நிலையான துறை இல்லாத படகுக்காரர்கள் பொதுவாக 14 நாட்களுக்கு மேல் ஓரிடத்தில் தங்கலாகாது என்பது விதி.

இன்னும் சற்றுத் தூரம் சென்றால் ரீஜண்ட்ஸ் பூங்காவின் ஓரத்தை அடைவீர்கள். 1977இல் கட்டி முடிக்கப்பட்ட இலண்டன் மத்தியப் பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடம் இங்கிருந்து சில நிமிட நடைதூரத்தில்தான் இருக்கிறது. ஜும்ஆத் தொழுகைக்குச் செல்லும் நம் மக்களுள் பலர், அருகிலேயே இப்படியொரு நீர்வழி இருப்பதை அறியாமலே திரும்பிவிடுகின்றனர்.

அதே பாதையில் மேக்கிள்ஸ்ஃபீல்ட் பாலம் வருகிறது. 1874 அக்டோபர் 2ஆம் நாள் விடியற்காலையில், வெடிமருந்தும் எண்ணெயும் ஏற்றிவந்த ஒரு படகு இப்பாலத்தின் அடியில் வெடித்துச் சிதறியது. படகிலிருந்த மூவர் மாண்டனர், பாலம் தகர்ந்தது. பழைய இரும்புத் தூண்களையே திருப்பி நிறுத்திப் பாலத்தை மீண்டும் கட்டினர். அதனால்தான் இழுவைக் கயிறு உராய்ந்த தடங்களைத் தூண்களின் இரு புறங்களிலும் இன்றும் காணலாம்.

அந்த வெடியோசை உறங்கிக் கிடந்த சுற்றுப்புறத்தையே எழுப்பிவிட்டது. ஆனால் இன்று படகுகளில் வாழ்வோரைச் சூழ்ந்துள்ள ஆபத்து, உறங்குகிறவர்களை எழுப்புவதே இல்லை. அதுதான் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு.

நிறமில்லை, மணமில்லை

விறகு, நிலக்கரி, எரிவாயு, டீசல், பெட்ரோல் ஆகிய எதுவாயினும், போதிய காற்றின்றி எரியும்போது இவ்வாயு பெருகுகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்கிற்கும் அதிகமான பிடிப்புடன் இதனைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு நடந்துகொண்டேயிருக்கும், ஆனால் உடலுக்குப் பிராணவாயு சென்று சேராது.

தலைவலி, மயக்கம், குமட்டல், களைப்பு ஆகியவையே முதல் அறிகுறிகள். ஜலதோஷக் காய்ச்சல் என்றோ, உண்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ எண்ணிப் படுத்துவிடுகின்றனர். சற்று உறங்கினால் சரியாகிவிடும் என்னும் அந்த எண்ணம்தான் உயிரைக் குடிக்கிறது. படகிலுள்ள பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா? கரையில் இறங்கி நடந்தால் தெளிகிறதா? அப்படியானால் குற்றம் காற்றிலிருக்கிறது என்று உணருங்கள்.

சாதாரண வீட்டைவிடப் படகில் ஆபத்து மிகுதி. ஏனெனில் அது எஃகினாலான ஒரு குறுகிய கூடு. சமையல் அடுப்பு, குளிர்காயும் கணப்பு, எஞ்சின், படுக்கை ஆகிய அனைத்தும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. குளிர் தாங்காமல் காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைத்துவிட்டால், நஞ்சு வெளியேற வழியேது?

இரண்டு துயரங்கள்

இலண்டனை விட்டு வடமேற்கே சென்றால், மலைகள் சூழ்ந்த வின்டர்மியர் ஏரி வரும். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், அங்கே கட்டப்பட்டிருந்த ஒரு படகில் உறங்கிய தாயும் அவருடைய 10 வயது மகளும் உயிரிழந்தனர். படகின் எஞ்சின் அறையில் வைத்திருந்த ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்துவிட்டது. படகில் உணர்கருவி இருந்தும், அது இயங்கும் நிலையில் இல்லை.

2016 ஜூன் மாதம், இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் நீர்வழியிலுள்ள ராக்ஸம் என்னுமூரில் மற்றொரு துயரம். மூடிய படகில் பெட்ரோல் எஞ்சினின் புகை தேங்கி இருவர் மாண்டனர். அப்படகில் எச்சரிக்கைக் கருவியே இல்லை.

கருவி இருந்தும் இயங்காதது ஒன்று. கருவியே இல்லாதது மற்றொன்று. முடிவு இரண்டிலும் ஒன்றாகவே அமைந்ததைச் சிந்தித்துப் பாருங்கள்.

2019 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, அந்நாட்டு உள்நாட்டு நீர்வழிகளின் படகுப் பாதுகாப்புத் திட்டம், உறங்கும் வசதியுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கியது. நான்காண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் சோதனையில் இதுவும் பார்க்கப்படுகிறது.

அலாரத்தை அறிந்துகொள்ளுங்கள்

கோடை விடுமுறையில் இத்தகைய படகை வாடகைக்கு எடுத்து, சில நாட்கள் குடும்பத்தோடு தங்குவது அங்கு வழக்கம். அங்குள்ள உங்கள் உறவினர் உங்களையும் அழைக்கக்கூடும். தாராளமாகச் செல்லுங்கள். ஆனால் சில செய்திகளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

புகை அலாரம் வேறு. கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. படகுகளுக்கென வகுக்கப்பட்ட ஐரோப்பியத் தர எண் 50291-2 ஆகும். கருவியின்மீது அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் ஆயுட்காலம் முடியும் நாளும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். படகில் ஏறியதும் சோதனைப் பொத்தானை அழுத்தி ஒலி கேட்கிறதா என்று அறியுங்கள். அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தொலைவில், சுவரின் மேற்பகுதியில் அது இருக்க வேண்டும். படுத்திருப்போர் காதில் அதன் ஒலி விழவேண்டும்.

காற்றில் பத்து இலட்சத்தில் 300 பங்கு நஞ்சு இருந்தால் 3 நிமிடத்திற்குள் அலாரம் ஒலித்தாக வேண்டும். 50 பங்கு மட்டும் இருந்தால், 60 முதல் 90 நிமிடங்கள் கழித்தே ஒலிக்கும். உடலில் நஞ்சு சேரும் வேகத்தை ஒட்டியே இவ்வாறு அமைத்துள்ளனர். எனவே, அலாரம் ஒலிக்கவில்லையே என்று தலைவலியைப் புறக்கணிக்காதீர்கள்.

அது ஒலித்தால், 'பழுதாகியிருக்கும்' என்று மின்கலத்தைக் கழற்றிவிடாதீர்கள். கதவுகளைத் திறந்து, இயன்றால் அடுப்பையும் எஞ்சினையும் அணைத்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உடனே கரையேறுங்கள். 999 என்னும் எண்ணில் உதவி கோருங்கள். மருத்துவரிடம் காட்டாமல் உறங்கச் செல்லாதீர்கள்.

இறைச்சி வாட்டிய கரியடுப்பு அணைந்துவிட்டது என்று நம்பிப் படகினுள் எடுத்து வைக்க வேண்டாம். சாம்பலுக்குள் கிடக்கும் கனலும் நஞ்சையே கக்கும். குளிர்காய்வதற்குச் சமையல் அடுப்பைப் பயன்படுத்த வேண்டாம். அருகில் கட்டப்பட்டுள்ள படகின் எஞ்சின் புகையும் உங்கள் சன்னல் வழியே நுழையக்கூடும். புகைபோக்கியைத் துப்புரவாக வைத்திருப்பதும், காற்றுத் துவாரங்களைத் திறந்து வைத்திருப்பதுமே முதற்காப்பு. அலாரம் அதற்கு அடுத்த காவல்தான்.

குடும்பத்தோடு படகில் தங்கும் முதல் இரவில், பெட்டிகளைப் பிரிக்கும் முன்பாக அந்தச் சிறு பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒலி எழாவிட்டால், வேறு கருவி வரும்வரை அப்படகில் எவரையும் உறங்க விடாதீர்கள்.